ஓ.டி.ஜி.யில் பன்றி விலா எலும்பு: மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை, பாகும் ஒட்டவில்லை

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வீட்டில் இருப்பது ஓ.டி.ஜி. எனப்படும் 28 லிட்டர் மின்சார ஓவன்; மேலும் கீழும் ராடுகள் உண்டு, மேல் ராடை மட்டும் தனியாகவும் போட்டுக்கொள்ளலாம். பளபளவென்று பாகு பூசிய, விரலில் பிசுபிசுவென ஒட்டுகிற ரிப்ஸ் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு முறை முயன்றும் சரியாக வரவில்லை.

முதல் முறை, சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய 1.2 கிலோ விலாத் துண்டில் தேன், சோயா சாஸ், தக்காளி சாஸ், மிளகாய்த்தூள், பூண்டு விழுது எல்லாவற்றையும் கலந்து பூசி, இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் 200 டிகிரியில் வைத்தேன். அரை மணி நேரத்திலேயே கருகல் வாடை வந்துவிட்டது. ஐம்பதாவது நிமிடத்தில் வெளியே எடுத்தபோது மேற்புறம் கரியாகவும், உள்ளே கறி எலும்பை விடாமல் ரப்பர் போலவும் இருந்தது. அடுத்த வாரம் சூட்டைக் குறைத்து, 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் திறந்தபடியே வைத்து, ஊறவைத்த கலவையில் மீந்ததை இடையிடையே பூசிக்கொண்டே இருந்தேன். இம்முறை கருகவில்லை, ஆனால் கறி வறண்டுபோயிற்று, பாகு முழுவதும் வழிந்து தட்டில் தண்ணீராகத் தேங்கி நின்றது.

வரும் ஞாயிறன்று ஓசூரிலிருந்து அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். பெங்களூரு மேட்டுநிலம் என்பதால்தான் கறி வேகவில்லையா, அல்லது என் முறையே தவறா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கம்மனஹள்ளி அடுப்படி:

ஐயா, மேட்டுநிலத்தின் மேல் பழி போட வேண்டாம். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரி அளவில் கொதிக்கிறது. அந்த மூன்று டிகிரி விலாக்கறியைக் கெடுத்துவிடாது. மூன்று விவரங்களைச் சொல்லுங்கள். எலும்புப் பக்கத்தில் இருக்கும் வெண்ணிறச் சவ்வை உரித்தீர்களா? உங்கள் அடுப்பின் உண்மையான சூட்டைத் தனி வெப்பமானி வைத்து ஒருமுறையேனும் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாம் முறை பூசிய கலவையைக் காய்ச்சினீர்களா, பச்சையாகவே பூசினீர்களா?

அல்சூர்வாசி:

சவ்வு என்று ஒன்று இருப்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. தனி வெப்பமானி இல்லை. திருகில் உள்ள எண்ணையே நம்பினேன். கலவையைக் காய்ச்சவில்லை, அப்படியே பூசினேன்.

கம்மனஹள்ளி அடுப்படி:

அப்படியானால் கோளாறு எங்கே என்பது தெளிவாகிவிட்டது. விலாக்கறியை மிருதுவாக்குவது ஒரு வேலை, பாகை ஒட்டவைப்பது வேறொரு வேலை. இரண்டையும் நீங்கள் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் செய்யப் பார்த்திருக்கிறீர்கள். எலும்பைச் சுற்றியிருக்கும் நார்த்தசையில் கொலாஜன் என்ற விறைப்பான புரதம் மிகுதி. அது ஈரத்தோடு கூடிய மிதமான சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். ஓவனில் அதை அவசரப்படுத்த வழியில்லை. தேனோ அந்த நேரத்துக்குத் தாங்காது. தேனில் மிகுந்திருக்கும் பழச்சர்க்கரை 110 டிகிரிக்கு மேலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். எனவே 200 டிகிரியில் சர்க்கரை கரியான பிறகும் கறி பாதி வழியில்தான் இருந்திருக்கும். முதல் கட்டத்தில் இனிப்பு ஒரு சொட்டுக்கூடச் சேரக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை தாமாகச் சரியாகும்.

கடையில் சிறு துண்டுகளாக வெட்டாமல் பலகை போல முழுதாகத் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் குழம்புக்கென்று நினைத்து வெட்டிப்போட்டுவிடுவார்கள். எலும்புப் பக்கத்தைத் திருப்பி, ஓரத்து எலும்பின் மேல் கரண்டிக் காம்பைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து நெம்பினால் ஒரு முனை எழும்பும். அது வழுக்கும், எனவே காகிதத் துண்டால் இறுகப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால், பழைய தபால் உறையின் ஒட்டைப் பிரிப்பது போல முழுநீளத்துக்கும் உரிந்து வந்துவிடும். அது போனால்தான் உப்பு உள்ளே இறங்கும், கடிக்கும்போது தோல் போல இழுபடாமலும் இருக்கும்.

கிலோவுக்குப் பத்து கிராம் உப்பு, மிளகுத்தூள், மிளகாய்த்தூள் தடவி, குளிர்பெட்டியில் ஓர் இரவு திறந்தே வையுங்கள். மறுநாள் பேக்கிங் தாளில் சுற்றி, அதன் மேல் அலுமினிய ஃபாயிலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஆவி வெளியேறாதபடி ஓரங்களை மடித்து மூடுங்கள். அடுப்பில் உண்மையாகவே 150 டிகிரி இருக்க, இரண்டேகால் மணி நேரம் முதல் இரண்டரை மணி நேரம் வரை நடுத்தட்டுக்குக் கீழே வையுங்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே கத்தி முனையைச் செருகினால் தடையின்றி இறங்க வேண்டும். கறிக்குள் செருகும் வெப்பமானி இருந்தால் 92 முதல் 95 டிகிரி வரை காட்ட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது. அது பாதுகாப்புக்கான அளவு. மிருதுவாவதற்கு அது போதாது. பச்சைக்கறி ஊறிய கலவையைக் காய்ச்சாமல் கடைசியில் பூசுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் அது கூடவே கூடாது.

குடகு மருமகள்:

மேலே சொன்ன முறையே சரி. பாகைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் புகுந்த வீட்டில் பன்றிக்கறி இல்லாத விசேஷம் கிடையாது.

ஃபாயிலைப் பிரிக்கும்போது அடியில் தேங்கியிருக்கும் சாற்றைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒட்டுகிறதே, அதே ஒட்டுதல்தான் அந்தச் சாற்றில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கிவிட்டு, கால் தம்ளர் அளவு சாற்றைப் பாகில் சேருங்கள். சர்க்கரையால் மட்டும் வரும் பிசுபிசுப்பு ஆறினால் கெட்டிப்பட்டு மொறுமொறுவென்று உடையும். இந்தச் சாறு சேர்ந்தால் அப்படி ஆகாது.

100 கிராம் மண்டியா வெல்லத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அதோடு மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், நான்கு மேசைக்கரண்டி தக்காளி சாஸ், நசுக்கிய பூண்டு ஆறு பல், இஞ்சித் துருவல், இரண்டு தேக்கரண்டி கச்சம்புளி, எடுத்துவைத்த சாறு ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுங்கள். கச்சம்புளி என்பது கொடம்புளி இனத்துப் பழச்சாற்றைக் கருக்கக் காய்ச்சி எடுக்கும் குடகுப் புளிக்காடி. பந்திக்கறி என்கிற குடகுப் பன்றிக்கறிக்குக் கருநிறம் தருவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நம் ஊரில் குடகுப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வினிகர் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றலாம், ஆனால் அந்த ஆழம் வராது.

குலாப் ஜாமூனுக்குக் காய்ச்சும் பிசுக்குப் பதத்திலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். கம்பிப் பதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தப் பதம் விலாவின் மேல், ஓவனுக்குள் வர வேண்டும். பூசுவதற்கு முன் கறியின் மேற்பரப்பைத் துணியால் ஒற்றி ஈரத்தையும் எண்ணெயையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஃபாயில் இல்லாமல் வைத்து உலர்த்துங்கள். உங்கள் பாகு தட்டில் வழிந்ததற்கு, அது நீர்த்திருந்ததோடு, ஈரமும் கொழுப்புமாக இருந்த பரப்பில் பூசியதும் காரணம். 200 டிகிரியில், மேல் ராடு மட்டும் எரிய, மேலிருந்து இரண்டாம் தட்டில் வைத்து, மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஐந்து நிமிடம் போதும். கடைசி ஐந்து நிமிடத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள்.

ஜீவன்பீமாநகர்:

இவ்வளவு நேரம் மின்சாரம் எரிப்பதற்குப் பதிலாக, குக்கரில் மூன்று விசில் விட்டுப் பிறகு பாகு பூசினால் முடிந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

குடகு மருமகள்:

அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் முழுப் பலகையைக் குக்கரில் வைக்க முடியாமல் வெட்ட வேண்டியிருக்கும். ஒரு விசில் கூடினாலும் கறி எலும்பை விட்டுத் தனியே விழுந்து, பாகு பூசும்போதே உதிரும். தண்ணீரில் சுவையும் இறங்கிவிடுகிறது. விருந்தாளிக்கு முழுப் பலகையாக வைக்க நினைப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அல்சூர்வாசி:

ஞாயிறு முடிந்தது, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். திருகை 150-இல் வைத்தால் முள் 175-இல் போய் நின்றது. இத்தனை நாளும் நான் நினைத்ததைவிட 25 டிகிரி கூடுதலாகவே எரிந்திருக்கிறது! திருகை 125-க்குக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்து 150-ஐப் பிடித்தேன்.

சவ்வு முதல் இழுப்பில் பாதியில் அறுந்தது, மறுமுனையிலிருந்து இழுத்ததும் வந்துவிட்டது. இரண்டேகால் மணி நேரத்தில் கத்தி இறங்கவில்லை, இன்னும் இருபத்தைந்து நிமிடம் வைத்தேன். பிரித்தபோது எலும்பு நுனிகள் கறியை விட்டுச் சுண்டு விரல் நகம் அளவுக்கு வெளியே தெரிந்தன. முதல் பூச்சு மங்கலாகவே இருந்தது, மூன்றாவது பூச்சில்தான் பரப்பு முழுவதும் சிறு சிறு குமிழ்களாகக் கொதித்து, அடங்கி, அரக்கு நிறத்தில் மின்னியது. அண்ணன் மகள் எலும்பைக் கையில் பிடித்தபடி விரல்களைப் பிரிக்க முடியவில்லை என்று காட்டினாள்.

ஒரே ஒரு குறை: பலகையின் மெல்லிய முனையில் இரண்டு எலும்புகள் கருகிவிட்டன. மேலும் நான்கு எலும்புகள் மீதமிருக்கின்றன. நாளை மிருதுத்தன்மை போகாமல் சூடாக்குவது எப்படி?

கம்மனஹள்ளி அடுப்படி:

மகிழ்ச்சி, ஐயா. அந்த முனை மற்ற பகுதியைவிட மெல்லியது, ராடுக்கும் அருகில் இருந்திருக்கும். பாகு பூசும் கட்டத்தில் அந்த இரண்டு எலும்புகளுக்கு மட்டும் ஃபாயில் துண்டால் தொப்பி போட்டுவிட்டு, கடைசிப் பூச்சின்போது எடுத்துவிடுங்கள். மீந்ததை ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து, ஃபாயிலில் மூடி, 150 டிகிரியில் பதினைந்து நிமிடம் வையுங்கள். பிறகு திறந்து, கறியில் படாமல் தனியே எடுத்துவைத்த பாகு இருந்தால் ஒரு பூச்சுப் பூசி, மேல் ராடில் மூன்று நிமிடம் காட்டினால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம்; பாகு உருகி வழிந்துவிடும்.