கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு பின்மண்டையில் பாயும் வலி

எனக்கு வயது 46. கழுத்தில் சி5-சி6 (ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்பு) இடையே டிஸ்க்கை எடுத்து, பிளேட் வைத்து எலும்பை இணைத்து 14 மாதம் ஆகிறது. கைக்கு இறங்கிய வலியும் மரத்துப்போவதும் அடியோடு போய்விட்டன. நான்காவது மாதம் தொடங்கிய வேறொரு வலிதான் என்னைப் படுத்துகிறது.

வலது பக்கம், மண்டை கழுத்தோடு சேரும் குழியில் ஆரம்பித்து, காதுக்குப் பின்னால் ஏறி, சில சமயம் கண் வரை ஷாக் அடித்த மாதிரி பாயும். சில நொடிதான். அப்புறம் மணிக்கணக்கில் எரிச்சல். சீப்பு பட்டாலே அந்தப் பக்கம் முடிவேர் வலிக்கிறது. வலப்பக்கம் சாய்ந்து படுத்தே மாதக்கணக்காகிறது.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது, எம்ஆர்ஐயில் புதிய அழுத்தம் எதுவும் இல்லை. ஆக்சிபிட்டல் நியூரால்ஜியா, அதாவது பின்மண்டைக்குப் போகும் நரம்பில் வரும் வலி என்கிறார் நரம்பியல் மருத்துவர். அந்த நரம்பு சி2 பகுதியிலிருந்து கிளம்புவது. ஆபரேஷன் நடந்ததோ அதற்குக் கீழே. அதுதான் எனக்குக் குழப்பம்.

நரம்பு வலிக்கான கபாபென்டின் மாத்திரை நாளுக்கு 900 மி.கி. வரை போனேன், தலைசுற்றலில் வேலையே ஓடவில்லை. இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி.; தூக்கம் வருகிறது, வலி அப்படியே. பத்து வாரம் பிசியோதெரபியில் கழுத்து இறுக்கம் தளர்ந்தது, அவ்வளவுதான். அந்த நரம்பை மரக்கச் செய்யும் பிளாக் ஊசி மட்டும் கேட்டது: முதல் முறை ஐந்து வாரம், இரண்டாம் முறை மூன்றே வாரம். அந்த ஐந்து வாரமும் நான் பழைய ஆளாக இருந்தேன்.

அடுத்தது ரேடியோஃப்ரீக்வென்சி சிகிச்சை (ஊசி வழியாக ரேடியோ அலை மின்சாரம் செலுத்தி நரம்பின் வலியைத் தடுப்பது) என்கிறார்கள். கழுத்தெலும்பை இணைத்த பிறகு இதே வலிக்கு அதைச் செய்துகொண்டவர்களே, உங்களுக்கு நிவாரணம் எத்தனை மாதம் நீடித்தது?