செஸ்ஸில் எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம்) புதிர்களில் மூக்குடைபட்ட அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். செஸ் வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921இல் அமைத்த புதிரை முதலில் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம்தான். பலகையில் மொத்தமே நான்கு காய்கள். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை.) வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை முதலில் ஆடி டிரா செய்ய வேண்டும். கறுப்புச் சிப்பாய் ஓட ஆரம்பித்தால் என் ராஜா இரண்டு மூவ் பின்தங்கி நிற்கிறது. என் சிப்பாயோ கறுப்பு ராஜாவின் வாய்க்குப் பக்கத்தில். ஏதோ ஒரு காயை இடம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன்.

அன்றிரவு ராஜாவை எச்7, எச்6, எச்5 என்று நேர்கோட்டிலேயே இறக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கறுப்புச் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகிவிட்டது. மறுநாள் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் விடை சொல்லவில்லை. "ராஜா ஐந்தாவது வரிசைக்கு வர எத்தனை மூவ்?" என்றார். மூன்று. "சாய்வாக வந்தால்?" அதுவும் மூன்றுதான்! சாய்வாகப் போனால் தூரம் கூடும் என்று ஸ்கேல் பிடித்துப் பழகிய புத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜி7, எஃப்6, இ5. இதற்குள் கறுப்பு எச்4, அப்புறம் ராஜா பி6. இ5இல் நிற்கும் ராஜாவுக்கு இரண்டு வேலை. கறுப்பு என் சிப்பாயை வெட்டினால் எஃப்4 போய் அவர்கள் சிப்பாயைப் பிடித்துவிடலாம். அது எச்3க்கு ஓடினால் டி6, என் சிப்பாய்க்குத் துணை வந்தாயிற்று. இருவரும் ராணி எடுப்போம், டிரா. எதைத் துரத்துகிறது என்று எனக்கே தெரியாமல் ஒரு ராஜா நடந்தது அன்றுதான்.

* * *

நான் விழுந்தது சாவேத்ரா என்ற புதிரில். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ஜெயிக்க வேண்டும். முதலில் சி7. யானை டி6இலிருந்து டி3 வரை செக் மேல் செக் கொடுத்துக்கொண்டே இறங்கும். ராஜா பி5, பி4, பி3 என்று தப்பி சி2க்கு வந்துவிடும். இவ்வளவையும் நானே கண்டுபிடித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். கறுப்பு யானையை டி4இல் வைத்தது. சரி, கதை முடிந்தது என்று சி8இல் ராணி எடுத்தேன். யானை சி4, செக். வெட்டினால் ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே கறுப்புக்கு நகர இடமில்லை, அதனால் டிரா), வெட்டாவிட்டால் ராணியே போச்சு.

செஸ் எஞ்சினை (கணினி நிரலை) போட்டிருந்தால் நொடியில் சொல்லியிருக்கும். வீம்புக்கு ஒரு வாரம் போடாமல் இருந்தேன். விடை: சி8இல் ராணி வேண்டாம், யானை எடு. ஏ8இல் மேட் மிரட்டல். கறுப்பு யானை ஏ4க்கு வந்து தடுத்தாக வேண்டும். உடனே ராஜா பி3. யானைக்கும் ஆபத்து, சி1இல் மேட்டும் காத்திருக்கிறது.

1895இல் கிளாஸ்கோ பத்திரிகை ஒன்றில் இது டிரா என்றுதான் வந்தது. அந்த ஊரில் இருந்த ஸ்பானியப் பாதிரியார் சாவேத்ராதான் யானையைக் கண்டுபிடித்தார். பத்திரிகைக்காரரே கோட்டைவிட்டது என்பதால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

* * *

உங்களுடையது புதிர். நான் நிஜப் போட்டியிலேயே மானத்தை வாங்கிக்கொண்டவன். எதிராளியிடம் எச் சிப்பாயும், வெள்ளைக் கட்டத்தில் ஓடும் பிஷப்பும். என்னிடம் ஜி8இல் தனி ராஜா. வேறு ஒரு காய்கூட இல்லையே என்று தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டேன். அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய எச்8 கறுப்புக் கட்டம். அந்த பிஷப்பால் அதை ஒருநாளும் தொட முடியாது. மூலையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்ந்தாலே டிரா. கையெழுத்துப் போட்டு எழுந்த பிறகுதான் பக்கத்துப் பலகைக்காரர் மெதுவாக, "ஏன் சார் விட்டீங்க?" என்றார்.

* * *

மேலே இருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இதே நிலையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் கை நீட்டினார், நானும் பெருமையாகக் குலுக்கினேன். டிரா என்று எனக்கும் தெரியாது. நாற்பது மூவ் நன்றாக ஆடினேன் என்று வீட்டுக்குப் போய் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தால், அப்போதுதான் தெரிகிறது.