எம்பிரஸ் அருவியில் புரூசிக் போட்டது தப்பா?

கற்சுவர்:
போன சனிக்கிழமை ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸில் எம்பிரஸ் கேன்யனில் (ஓடை ஓடுகிற ஒடுங்கிய பள்ளத்தாக்கு) இறங்கினோம், ஆறு பேர். குதிப்பு, நீச்சல் எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் அந்த 30 மீட்டர் அருவி. நான் பத்து வருடமாகப் பாறை ஏறுகிறவன், கயிற்றில் இறங்கும்போது புரூசிக் போடாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. (தெரியாதவர்களுக்கு: முதன்மைக் கயிற்றைச் சுற்றிப் போடுகிற சின்னக் கயிற்று முடிச்சு. கை நழுவினால் இறுகிப் பிடித்து நிறுத்தும்.) அழைத்துப் போனவர் "தண்ணீருக்குள் அது வேண்டாம், கழற்று" என்றார், நான் கேட்கவில்லை. பாதி வழியில் பாசியில் கால் வழுக்கி, கை விட்டுப்போய், முடிச்சு இறுகியது. தண்ணீர் நேராகத் தலையிலும் தோளிலும். அவிழ்க்க நாலைந்து நிமிடம் ஆனது, விரல்கள் மரத்துவிட்டன, அப்புறம்தான் கால் வைக்க ஒரு விளிம்பு கிடைத்து உடம்பை மேலே தள்ளி எடையைக் குறைத்தேன். கீழே வந்ததும் நல்ல திட்டு. ஆனால் அந்த முடிச்சு இல்லையென்றால் நான் விழுந்திருப்பேனே! இதில் என் தப்பு என்ன?

ஈரக்கயிறு:
தப்புதான் தம்பி, நேராகவே சொல்கிறேன். பாறையில் தொங்கினால் நேரம் உங்கள் பக்கம். யோசிக்கலாம், கத்தலாம், பத்து நிமிடம் ஓய்வெடுக்கலாம். அருவிக்குள் தொங்கினால் ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்கு எதிரி. வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) போட்டிருந்தாலும் சூடு போய்க்கொண்டே இருக்கும், மூச்சு விட இடம் இருக்காது, முதலில் விரல்கள்தான் செயலிழக்கும், முடிச்சை அவிழ்க்க வேண்டியதும் அதே விரல்கள்தான். கீழே ஒருவர் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கை விட்டால் அவர் இழுத்துப் பிடிப்பார், டிசென்டர் (இடுப்பில் மாட்டி, கயிற்றை ஓட விட்டு இறங்குகிற கருவி) பூட்டிக்கொள்ளும். அவர் தளர்த்தினால் மறுபடி இறங்கலாம். அவிழ்க்க ஒன்றுமே இல்லை.

தோமாக்காரி:
அண்ணா சொல்வது பாதிதான் சரி. கீழே ஆள் பிடிப்பார் என்கிறீர்கள், முதலில் இறங்குகிறவருக்கு யார் பிடிப்பது? குழுவிலேயே பெரிய ஆபத்து அவருக்குத்தான். கற்சுவர், ஒன்று கேட்கிறேன், முடிச்சை டிசென்டருக்கு மேலே போட்டீர்களா, கீழே போட்டீர்களா?

கற்சுவர்:
மேலே. அப்படித்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள்.

தோமாக்காரி:
அதுதான் சிக்கல். மேலே போட்டால் உங்கள் முழு எடையும் அந்தச் சின்னக் கயிற்றில் விழும், எடையைத் தூக்காமல் அவிழவே அவிழாது. கீழே, ஹார்னஸின் (உடம்பில் மாட்டும் பட்டை) தொடைப் பட்டையில் மாட்டினால் எடையை டிசென்டர் தாங்கும், முடிச்சு உங்கள் கை செய்கிற வேலையை மட்டும் செய்யும், தட்டினாலே தளரும். புரூசிக்கே வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஈரக்கயிறு:
காய்ந்த பாறையில் தட்டினால் தளரும், ஒத்துக்கொள்கிறேன். நம் கேன்யன்களில் கயிறு முழுக்க மணல். நனைந்து, மணல் ஏறி விறைத்த முடிச்சு எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கால் மடங்கி முடிச்சு டிசென்டரைத் தொட்டுவிட்டால் பிடிக்கவும் செய்யாது. முதல் ஆளுக்கு வழி உண்டு: மேலே கயிற்றை, ஆள் தொங்கும்போதும் தளர்த்தக்கூடிய கட்டாகக் கட்டுங்கள். அவர் மாட்டிக்கொண்டால் மேலே இருப்பவர் அந்தக் கட்டைத் தளர்த்தி அவரை அப்படியே தண்ணீருக்கு இறக்கிவிடலாம்.

பாறைப்பூ:
நடுவில் வருகிறேன். இறக்கிவிடலாம் என்று எழுதுவது எளிது. புளூ மவுண்டன்ஸ் மணற்பாறை நனைந்தால் பலம் குறைகிற கல், பல இடங்களில் விளிம்பில் கயிறு அறுத்த பள்ளங்களையே பார்க்கலாம். எடையோடு கயிறு அந்த விளிம்பில் ஓடினால் கல்லும் தேயும், கயிற்றின் உறையும் தேயும். கட்டும்போதே விளிம்பைப் பார்த்துக் கட்ட வேண்டும். இன்னொன்று, இங்கே நிறையப் பேர் இன்னும் கயிற்றை இரண்டாக மடித்து வளையத்தில் விட்டு இறங்குகிறார்கள். அந்த முறையில் இரண்டு கயிற்றிலும் தொங்குகிறவரை மேலே இருந்து இறக்கவே முடியாது.

தோமாக்காரி:
நான் சொல்ல வந்ததும் அதுதான். தளர்த்தும் கட்டு போடத் தெரிந்தவர் குழுவில் இல்லையென்றால் முதல் ஆளுக்குப் புரூசிக்கும் இல்லை, கீழே ஆளும் இல்லை. அப்போது என்ன சொல்வீர்கள்?

ஈரக்கயிறு:
அந்தக் குழு அருவிக்குப் போகக் கூடாது என்பேன். கடுமையாக இருக்கலாம். ஆனால் ஒருவரைத் தண்ணீருக்கடியில் இருந்து எடுக்கத் தெரியாமல் அங்கே போவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது.

நீர்வழி:
நீங்கள் எல்லோரும் முடிச்சையே பேசுகிறீர்கள், தண்ணீரின் அளவைப் பேச வேண்டாமா? 1999 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் சாக்செட்பாக் ஓடையில் திடீர் வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள், அதில் பலர் ஆஸ்திரேலியர்கள். 2015இல் அமெரிக்காவின் சயான் பூங்காவில் கீஹோல் கேன்யனில் ஏழு பேர். எந்த முடிச்சும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. மேலே எங்கோ பெய்கிற மழை நமக்குத் தெரியாது.

ஈரக்கயிறு:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். மழை வரும் என்றால் வீட்டில் இருங்கள். ஆனால் தம்பி மாட்டிக்கொண்டது வெள்ளமில்லாத நாளில், அதைத்தான் பேசுகிறோம்.

தோமாக்காரி:
சரி, ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: நீர் கனமாக விழுகிற அருவியில் கீழே ஆள் வந்த பிறகு மற்றவர்களுக்குப் புரூசிக் வேண்டாம். முதல் ஆள் விஷயத்தில், தளர்த்தும் கட்டு இல்லாத இடத்தில், தண்ணீர் குறைவென்றால், தொடைப் பட்டையில் போடுவதை நான் விடப் போவதில்லை. மேலே போடுவதை மட்டும் எல்லோரும் இன்றோடு நிறுத்துங்கள், தயவுசெய்து.

கற்சுவர்:
கத்தி வைத்திருந்தேன், வெட்டிவிடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தேன்.

பாறைப்பூ:
நல்ல வேளை வெட்டவில்லை! எடை தாங்கி நிற்கிற கயிற்றில் கத்தி லேசாகப் பட்டாலே போதும், அறுந்துவிடும். கண்ணில் தண்ணீர் அடிக்கும்போது எது சின்னக் கயிறு, எது பெரிய கயிறு என்று எப்படிப் பார்ப்பீர்கள்? இன்னொரு முறை மாட்டினால் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்துகொள்ளுங்கள், ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் காற்று கிடைக்கும். அப்புறம் யோசிக்கலாம்.

கற்சுவர்:
இது யாரும் எனக்குச் சொன்னதில்லை. திட்டியவரிடம் இன்றிரவு பேசுகிறேன். அடுத்த மாதம் கிளாஸ்ட்ரல் கேன்யன் போகத் திட்டம், அங்கே மூன்று அருவிகள் அடுத்தடுத்து. கயிற்றின் நுனியில் முடிச்சு போடுவது என் வழக்கம், அதையும் விட வேண்டுமா?

ஈரக்கயிறு:
குளத்தில் இறங்கும் இடங்களில் விட வேண்டும். பாறையில் அந்த முடிச்சு நுனி தாண்டி விழாமல் காக்கும், தண்ணீரில் அதே முடிச்சு உங்களை அருவிக்கடியில் கட்டிப்போடும். கயிறு நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் விடுங்கள். நீளம் மிஞ்சினால் காலில் சுற்றும். கடைசி ஒரு மீட்டரில் நுனியை டிசென்டரில் இருந்து ஓட விட்டு நீந்தி வெளியே வாருங்கள். இதை முதலில் வெயிலில், காய்ந்த பாறையில், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் பத்து முறை செய்து பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி. நானும் வருகிறேன், ஞாயிறு காலை என்றால் எனக்குச் சரி.