ஞாயிறு ஆராதனையில் முழந்தாளிடுவது பற்றி ஓர் ஐயம்

அனைவருக்கும் வணக்கம். பாவ அறிக்கைக்கு முழந்தாளிட்டும் சுவிசேஷ வாசிப்புக்கு எழுந்து நின்றும் ஆராதிக்கும் யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். பாடலின்போது இளையோர் கைகளை உயர்த்துவதில் எனக்குக் குறையில்லை. 1 தீமோத்தேயு 2:8 அதைத் தெளிவாகவே சொல்கிறது. என் கேள்வி முழங்கால் பற்றியது.

325ஆம் ஆண்டு நிக்கேயா நகரில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் திருச்சங்கம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் (உயிர்ப்புப் பெருநாளிலிருந்து வரும் ஐம்பது நாட்கள்) நின்றே ஜெபிக்க வேண்டுமெனத் தன் 20ஆவது விதியில் பணித்திருக்க, மூட்டுவலியோடு வாங்கின் விளிம்பை இறுகப் பிடித்து மெல்ல மெல்லக் கீழிறங்கும் என் அம்மம்மாவோ, நின்று ஜெபிப்பது மரியாதைக் குறைவு என்கிறார். (பிடிவாதத்தில் அவரை வெல்ல எங்கள் வீட்டில் ஆளில்லை.)

கத்தோலிக்கம், அங்கிலிக்கன் போன்ற மேற்குச் சபைகளில் இவ்விதி எவ்வாறு வழக்கொழிந்தது என்று தமிழில் விளக்கும் நூலோ கட்டுரையோ அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.