மறு: அவசரம், வெள்ளிக்குள் வேண்டும்: நெட் நியூட்ராலிட்டி

தென்காசி டீச்சர்:
பிளஸ் ஒன் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2016 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், பார்க்கும் தளத்தைப் பொறுத்து டேட்டா விலை மாறக்கூடாது என்றதும், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்கே கடை கட்டியதும் பாடம். நெட் நியூட்ராலிட்டியை ‘இணைய நடுநிலைமை’ என்று எழுதினேன். “யாருக்கும் யாருக்கும் சண்டை டீச்சர்?” என்கிறாள் ஒருத்தி. வேறு சொல் தாருங்கள்.

பாளைப் புலவர்:
சண்டையில்லை அம்மா, தராசு. ‘ஒருபால் கோடாமை’ என்கிறது குறள், ஒரு பக்கம் சாயாமை. ‘வலைக்கோடாமை’ எனலாமே.

பெங்களூர் நெட்வொர்க்:
ஐயா, ஆமை பிடிக்கிற வலை என்று நினைப்பார்கள் :-) விஷயம் எளிது. பாக்கெட் (டேட்டாவின் சிறு துண்டு) வந்தால் யாருடையது என்று பார்த்து ஒன்றை முந்தவிட்டு ஒன்றை நிறுத்தக்கூடாது. டிராய் விதியின் தலைப்பிலும் ‘நியூட்ராலிட்டி’ கிடையாது. பாகுபாடான கட்டணத்துக்குத் தடை, அவ்வளவுதான். ‘இணையப் பாகுபாடின்மை’ போதும்.

பாளைப் புலவர்:
பாகுபாட்டுக்கு வேர் ‘பகு’. ‘பகல்’ அதன் பிள்ளை. நுகத்தடியின் நடு ஆணிக்கும் பகல் என்றே பெயர். ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்று பட்டினப்பாலை புகழ்வது யாரை? புகார் வணிகரை! இணைய இணைப்பு விற்பவரும் வணிகர்தானே? ஆகவே ‘வலைப்பகல்’.

பெங்களூர் நெட்வொர்க்:
அப்போ ராத்திரி டேட்டா ஃப்ரீயா ஐயா?

சென்னை வக்கீல்:
சிரிப்பு இருக்கட்டும். தளத்தையே முடக்குவதை இதில் எந்தச் சொல் சொல்கிறது? 2012-ல் ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய இணைப்புக் கம்பெனிகள் விமியோ என்ற வீடியோ தளத்தையே மூடின. அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீடியோக்களும் சேர்ந்து போயின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் மூடினால் போதும் என்று ஜூனில் நீதிமன்றமே தெளிவாக்க வேண்டியதாயிற்று. ‘பாகுபாடின்மை’ என்றால் பையன்கள் கட்டணத்தோடு நின்றுவிடுவார்கள். என் ஓட்டு ‘நடுநிலைமை’க்கே; பத்திரிகையில் பழகிவிட்டது.

தென்காசி டீச்சர்:
அச்சகத்தில் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள். தலைப்பில் ‘பாகுபாடின்மை’, உள்ளே ‘தள முடக்கமும் இதில் சேரும்’ என்று ஒரு வரி. அனுப்பிவிட்டேன். கேட்ட பிள்ளையிடம் நுகத்தாணிக் கதையைச் சொன்னேன், “நுகத்தடின்னா என்ன டீச்சர்?” என்றாள்.

பாளைப் புலவர்:
எனக்கு உடன்பாடில்லை. ‘இன்மை’ எதிர்மறை, கலைச்சொல் உடன்பாட்டில் அமைய வேண்டும்.

பெங்களூர் நெட்வொர்க்:
கோடாமை மட்டும் என்னவாம் ஐயா?