ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்: நீங்கள் முதலில் கேட்டது யார் பாடியது?

ராக் கேட்கிறவர்கள் எல்லாரும் எப்போதாவது ஒரு நாள் இந்தப் பாட்டில் போய் மாட்டியிருப்போம், எந்த வழியாக மாட்டினோம் என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு. என்னைப் பிடித்தது தி அனிமல்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு பாடியது. பெரியப்பா வைத்திருந்த கேசட்டில் மற்ற பாட்டெல்லாம் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும், இது மட்டும் நாலரை நிமிடம் ஓடும். பாடகர் எரிக் பர்டன் தொடக்கத்தில் அடக்கி வாசித்துவிட்டு, போகப் போக ஏறி, கடைசியில் தொண்டை கிழியக் கத்துவார். பதிவு நடந்தது 1964 மே 18. அவருக்கு 23 வயது முடிந்து சரியாக ஒரு வாரம். அந்த வயதில் அப்படி ஒரு குரல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அப்போது அனிமல்ஸ் அமெரிக்க ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் சக் பெர்ரியோடு இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவரை வேகத்தில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, வேண்டுமென்றே மெதுவான ஒரு பாட்டை எடுத்தார்கள். கூட்டம் அதற்கு மயங்கியது. தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட்டுக்கு முதலில் அரைமனசு, ஆனால் இரண்டு ஊர்களுக்கு நடுவில் லண்டன் ஸ்டூடியோவுக்கு வந்து ஒரே டேக்கில் முடித்துவிட்டார்கள், வெறும் 15 நிமிட வேலை என்று மோஸ்ட்டே பின்னால் சொன்னார். ஜூலையில் பிரிட்டனில் முதலிடம், செப்டம்பரில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடம். அமெரிக்க சிங்கிளில் மட்டும் ரேடியோவுக்காக மூன்று நிமிடத்துக்குள் வெட்டிவிட்டார்கள், அதை முதலில் கேட்டவர்கள் தயவுசெய்து முழுப் பதிவை ஒருமுறை கேளுங்கள்.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

நான் கிடார் சொல்லிக்கொடுக்கிறவன். என் அனுபவம் எல்லாம் மற்றவர்கள் விரல் வழியாகத்தான். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள், பாட்டு பேர்கூடத் தெரியாது, "அந்த டிங் டிங் டிங் வருமே சார்" என்பார்கள். அந்த டிங் டிங் அனிமல்ஸ் கிடாரிஸ்ட் ஹில்டன் வேலன்டைன் வாசித்தது. ஏ மைனர், சி, டி, எஃப் என்று நாலு கார்டு, அவ்வளவுதான் முதல் வரி. கார்டை மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாகப் பிக்கால் தட்டி இறங்கித் திரும்ப ஏற வேண்டும், ஒரு சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை.

இதில் யாரும் கவனிக்காத ஒரு இடம் அந்த டி. ஏ மைனரில் போகிற பாட்டு என்றால் கை தானாக டி மைனருக்குத்தான் போகும், இங்கே டி மேஜர் வருகிறது. அந்த ஒரு நொடி சோகத்துக்கு நடுவில் வெளிச்சம் மாதிரி திறக்கும், அடுத்த எஃப் வந்ததும் மூடிவிடும். பிள்ளைகளிடம் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுவேன், டி மைனர் போட்டால் பாட்டு ஒப்பாரியாகிவிடும், டி மேஜர் போட்டதும் முகம் மாறும். எல்லாருக்கும் உடனே புரியும், விளக்கமே தேவையில்லை. அப்புறம் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்குகிற எஃப் பார் கார்டில் ஆள்காட்டி விரல் வலித்து இரண்டு வாரம் என்னைத் திட்டுவார்கள், அது தனிக் கதை.

*

எனக்கு முதலில் வந்தது ஃப்ரிஜிட் பிங்க்! டெட்ராய்ட் பக்கத்துக் குழு, 1970-ல் அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை போனது. ஃபஸ், வா-வா என்று ஒலியை மாற்றுகிற எஃபெக்ட் எல்லாம் போட்டுக் கிடாரைக் கதறவிட்டிருப்பார்கள், டிரம்ஸ் பின்னால் துரத்திக்கொண்டே வரும், தாளமும் நாலு எண்ணிக்கை. இதுதான் அசல் என்று நினைத்துக்கொண்டு அனிமல்ஸ் கேட்டபோது ரொம்பச் சாதுவாகத் தெரிந்தது. இன்றைக்கும் சத்தமாக வைத்துக் கேட்க வேண்டுமென்றால் நான் போடுவது இதைத்தான், யார் என்ன சொன்னாலும்.

*

கீபோர்ட் வாசிக்கிறவர்கள் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். கல்யாண மண்டபம், கல்லூரி விழா என்று எங்கே வாசித்தாலும் இந்தப் பாட்டில் நடுவில் வரும் ஆர்கன் சோலோவுக்காகவே நான் காத்திருப்பேன். அனிமல்ஸின் ஆலன் பிரைஸ் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கனில் வாசித்தது, கூர்மையான, கொஞ்சம் மூக்கடைத்த ஒலி. அந்த ஒலிக்கு பியானோ டோன் போட்டு வாசித்தால் பாட்டு செத்துவிடும், இதில் நான் யாரோடும் சமாதானமாகப் போக மாட்டேன்.

ஆனால் பிரைஸ் பேரைச் சொன்னாலே குழுவில் மற்ற நால்வரின் வயிற்றெரிச்சலையும் சொல்ல வேண்டும். பாட்டு நாட்டுப்புறப் பாட்டு, எழுதியவர் என்று ஒருவர் இல்லை, அதனால் ரெக்கார்டில் "அரேஞ்ச்மென்ட்", அதாவது இசைக்கோர்ப்பு, என்று போடுகிற பேருக்குத்தான் ராயல்டி போகும். லேபிளில் ஐந்து பேர் பேரும் போட இடமில்லை என்று சொல்லி ஆலன் பிரைஸ் பேரை மட்டும் போட்டார்கள். பணமும் அவருக்கு மட்டுமே போனது. 1965-லேயே அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஆர்கன் சோலோ அவருடையது, மறுக்கவில்லை, ஆனால் உலகம் முழுக்கப் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கிற அந்த ஆரம்பம் வேலன்டைனுடையது இல்லையா? குழுவில் வாசிக்கிறவன் என்கிற முறையில் எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கோபம் வரும். எங்கள் குழுவில் சொந்தப் பாட்டு எதைப் போட்டாலும் எல்லார் பேரையும் போட்டுவிடுகிறோம், காரணம் இந்தப் பாட்டுதான்.

*

மேலே அண்ணன் சொன்ன ராயல்டி விஷயத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோகிறேன், ஏனென்றால் பெரிய அநியாயம் அங்கே இருக்கிறது.

எனக்குப் பழைய பதிவுகளைத் தேடிப் போகிற பழக்கம். இந்தப் பாட்டில் கிடைக்கிற மிகப் பழைய ஒலிப்பதிவு 1933-ல் கிளாரன்ஸ் ஆஷ்லியும் க்வென் ஃபாஸ்டரும் பாடியது, தாத்தாவிடம் கற்றதாக ஆஷ்லி சொல்லியிருக்கிறார். ஆனால் நாம் இன்று பாடுகிற வரிகள் வந்தது 1937 செப்டம்பரில் கென்டக்கி மாநிலம் மிடில்ஸ்பரோவில். ஆலன் லோமாக்ஸ் நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்க ரெக்கார்டிங் மெஷினோடு அந்தச் சுரங்க ஊருக்குப் போனபோது, ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடிக் காட்டினார். அந்தப் பதிவை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கை ஓடவில்லை. சின்னப் பெண்ணின் மெல்லிய குரல், எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை, தன் தங்கை தன்னைப்போல் கெட்டுப்போக வேண்டாம் என்று சொல்லச் சொல்லிப் பாடுகிறாள்.

அந்தப் பதிவிலிருந்து ஹாலி வுட் என்ற பாடகி எடுத்துப் பாடினார். அவருடைய ரெக்கார்டிலிருந்து நியூயார்க் நாட்டுப்புறப் பாடகர் டேவ் வான் ராங்க் கற்றுக்கொண்டு கார்டுகளை மாற்றினார், பேஸ் அரை அரை ஸ்வரமாக இறங்குவது அவர் சேர்த்தது. அதை பாப் டிலன் தன் முதல் ஆல்பத்தில், 1962-ல் வந்ததே, அதில் பாடிவிட்டார், பாடி முடித்துவிட்டுத்தான் வான் ராங்கிடம் வந்து பாடட்டுமா என்று கேட்டார். வான் ராங்க் தானே பதிவு செய்ய வைத்திருந்த பாட்டு அது. அதன்பிறகு அவர் மேடையில் பாடினால் டிலனிடமிருந்து எடுத்ததா என்று ஆட்கள் கேட்க ஆரம்பிக்க, வெறுத்துப்போய்ப் பாடுவதையே விட்டுவிட்டார். அனிமல்ஸ் வந்தபிறகு டிலனுக்கும் அதே கதி, அவரும் நிறுத்திவிட்டார். அனிமல்ஸுக்கு இது எங்கிருந்து வந்தது என்பதிலும் இரண்டு கதை: நியூகாஸிலில் ஜானி ஹேண்டில் என்ற நாட்டுப்புறப் பாடகர் பாடக் கேட்டதாக பர்டன் சொல்வார், குழுவில் மற்றவர்கள் டிலன் ஆல்பத்தைச் சொல்வார்கள்.

இத்தனை பேர் கை மாறி, கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டு. ஜார்ஜியா டர்னருக்கு வந்தது மிகச் சிறிய தொகை, 1969-ல் இறந்துவிட்டார். லோமாக்ஸ் 1941-ல் வெளியிட்ட தொகுப்பில் அவர் பேரைப் போட்டிருந்தார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது முதலில் வரவேண்டிய பேர் அவருடையதுதான், இந்த இழையிலேயே இவ்வளவு கீழே வந்துதான் வருகிறது பாருங்கள்.

*

ஜார்ஜியா டர்னரைச் சொன்னதற்கு நன்றி அண்ணா. நான் குழுவில் பாடுகிறவள். இந்தப் பாட்டு பெண் பாடுகிற பாட்டு என்பதே பலருக்குத் தெரியாது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு வீட்டில் வாழ்க்கையைத் தொலைத்த பெண்ணின் புலம்பல் அது, டிலன்கூட ஆணாக இருந்தும் பெண்ணாகவே பாடியிருப்பார். அனிமல்ஸ்தான் பையனாக மாற்றினார்கள், குடிகாரக் காதலன் இருந்த இடத்தில் சூதாடி அப்பா வந்தார். ரேடியோவில் போட வேண்டுமென்றால் அப்படித்தான் மாற்ற முடியும் என்பது புரிகிறது. ஜானி ஹாலிடே பிரெஞ்சில் பாடியபோது வீட்டைச் சிறைச்சாலையாகவே ஆக்கிவிட்டார், அதுவும் அங்கே பெரிய ஹிட், அதுவும் 1964.

ஒரு குழுவில் சேர்ந்தபோது, "பர்டன் மாதிரி கத்திப் பாடு, கடைசியில் உச்சத்துக்குப் போ" என்றார்கள். நான் ஜோன் பேயஸ் 1960-ல் பாடியதையும், நினா சிமோன் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் கிளப் மேடையில் பாடியதையும் கேட்டுப் பழகியவள். சிமோன் எவ்வளவு நிதானமாக எடுப்பார் தெரியுமா, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் விடுகிற இடைவெளியிலேயே பாதிக் கதை வந்துவிடும். அப்படித்தான் பாடுவேன் என்று சொல்லிவிட்டேன், அந்தக் குழுவில் நான் நீடிக்கவில்லை. இப்போது இருக்கிற குழுவில் பழைய வரிகளோடு பெண்ணாகவே பாடுகிறேன், கிடார் மட்டும் வேலன்டைன் மாதிரி, அதை மாற்ற எனக்கும் மனசில்லை. தங்கைக்குச் சொல்கிற வரியைக் கடைசிக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

பெண்கள் பாடிய வேறு பதிவுகள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டாலி பார்ட்டன் 1980 ஆல்பத்தில் பாடியது கேட்டாயிற்று, அதில் குரல் பிரமாதம், பின்னணி வாத்தியம் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.