மறுமொழி: ‘ராக் கிராலர்’ தமிழில் – பாறைத்தவழியா, பாறை ஊர்வு வண்டியா?

வணக்கம் நண்பர்களே,

பாறைகளின் மேல் மெதுவாக ஏறி இறங்கி ஓட்டுவதற்கென்றே கட்டும் ‘ராக் கிராலர்’ வண்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வியைத் தொடங்கியவன் நான்தான். வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் போடாமல் ஒரே மடலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எதற்காக இந்தச் சொல் வேண்டும் என்பதை முதல் மடலில் நான் சரியாகச் சொல்லவில்லை. இங்கே சாக்ரமென்டோவில் நானும் ஒரு நண்பரும் பழைய சுசுகி சாமுராய் ஜீப் ஒன்றை எடுத்து, மேல் உடலை முழுக்கக் கழற்றிவிட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி), இரண்டு அச்சு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, குழாய் வளைத்து வெல்டிங் செய்து எடை குறைந்த பக்கி (திறந்த கூட்டு வண்டி) ஒன்று கட்டப்போகிறோம். ஓட்ட நினைத்திருப்பது கலிபோர்னியா மலைப்பகுதியில் இருக்கும் ரூபிகன் தடத்தில். லூன் ஏரிப் பக்கம் நுழைந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்குவது, 22 மைல் என்பார்கள். பாதை என்று சொன்னாலும் பல இடங்களில் அது வெறும் கருங்கல் பாறை, இடுப்பு உயரக் கற்கள்.

சாமுராயும் நம் ஊர் மாருதி ஜிப்ஸியும் ஒரே குடும்பம். கோயம்புத்தூரில் என் சித்தப்பா பல வருடமாக ஜிப்ஸிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவர். அச்சு ஹவுசிங்கில் எங்கே வலுப்படுத்த வேண்டும், எந்த பிராக்கெட்டை எங்கே வைக்கலாம் என்று அவரைக் கேட்டுத்தான் வரைபடம் போடுகிறேன். அவருக்கு ஆங்கிலம் வராது, அதனால் வரைபடக் குறிப்புகள் முழுக்கத் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. அகராதியில் போட்டுவைக்க ஒரு சொல் கேட்கவில்லை, அடுத்த மாதம் ஒருவர் கையில் வைத்துப் படிக்கப்போகிற தாளுக்குத்தான் கேட்கிறேன்.

இனி வந்த பரிந்துரைகள்.

> பாறையேறி என்று வைத்தால் எளிமை. மரமேறி போல.

எளிமைதான், ஆனால் பாறை ஏறுகிற மனிதருக்கு அந்தச் சொல் ஏற்கனவே போய்விட்டது. அதைவிட முக்கியம், ஏறுவது இதில் பாதிதான். இறங்குவது, குறுக்கே சாய்ந்து போவது, இரண்டு கல்லுக்கு நடுவில் சக்கரத்தை வைத்து நழுவாமல் கடப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஓட்டம்.

> பாறைத்தவழி. கிரால் என்றால் தவழ்தல்தானே?

இதற்குத்தான் அதிக ஆதரவு வந்திருக்கிறது, ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. இணையத்தில் பக்கங்களைத் தேடித் திரட்டும் நிரலைத் தவழி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒரு சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் பொருளிலேயே இருக்கிறது. தவழ்கிற குழந்தை தரையோடு ஒட்டிப் போகும். இந்த வண்டி கட்டுகிறவன் முதலில் பயப்படுவதே வண்டியின் வயிறு கல்லில் தட்டி உட்கார்ந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான். சாமுராயின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2030 மி.மீ., ஜிப்ஸிக்கு 2375. நாங்கள் ஜிப்ஸியை ஒட்டியே 2350 வைக்கிறோம். அதற்கு மேல் நீட்டினால் செங்குத்தான இடத்தில் பின்னால் கவிழ்கிற பயம் குறையும், ஆனால் நடுவயிறு கல்லில் மாட்டும். இவ்வளவு கணக்குப் போட்டுக் கட்டிவிட்டு, பெயரில் தவழவைக்க மனம் வரவில்லை.

> ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? கிராலர் என்றே இருக்கட்டும்.

கியர், கிளட்ச், ஸ்பிரிங் எல்லாவற்றையும் நானும் அப்படியேதான் எழுதுகிறேன், யாருக்கும் குழப்பமில்லை. கிராலர் அப்படி இல்லை. கட்டுமான வேலையில் கிராலர் என்றால் சங்கிலித் தடத்தில் நகரும் இயந்திரம். நம் பட்டறைகளில் அதைச் செயின் பொக்லைன், செயின் கிரேன் என்று அழகாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். கிராலர் பக்கி என்று எழுதி அனுப்பினால் செயின் போட்ட வண்டி என்றுதான் சித்தப்பா எடுத்துக்கொள்வார்.

சரி, என் முடிவுக்கு வருகிறேன். அது வந்த விதத்தைச் சொன்னால்தான் விளங்கும். போன ஞாயிறு சித்தப்பாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். கிராலர் என்ற சொல்லையே எடுக்காமல், வண்டி என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் விளக்கினேன். கல்லின் மேல் முன்சக்கரம் வைத்ததும் எஞ்சின் உறுமக் கூடாது, கிளட்சை மிதித்துப் பிடிக்கக் கூடாது, காலை எடுத்துவிட்டாலும் ஐடிலிங்கிலேயே வண்டி மெல்ல மெல்ல மேலே போக வேண்டும் என்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அட, ஊர்ந்து போகோணும்னு சொல்லு கண்ணு” என்றார். அந்த இடத்திலேயே எனக்குச் சொல் கிடைத்துவிட்டது.

வாகனம் நெரிசலில் நகர்ந்தால் நம் செய்தித்தாள்கள் எழுதுவது என்ன? வாகனங்கள் ஊர்ந்து சென்றன. தேர் ஊர்ந்து வருகிறது என்கிறோம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியில் ஊர்வதும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. பழந்தமிழில் தேர், யானை மீது போவதே ஊர்தல்தான், ஊர்தி வந்ததும் அதிலிருந்துதான். சக்கரத்துக்கும் மெதுவுக்கும் சேர்த்து ஒரே வினை நம்மிடம் தயாராக இருக்கிறது. பாம்பும் வயிற்றால்தானே ஊர்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. ஆனால் எறும்பு காலால் ஊர்கிறது, தேர் சக்கரத்தால் ஊர்கிறது. ஊர்தலுக்கு வயிறு தரையில் படவேண்டிய கட்டாயமில்லை.

இந்த வண்டியின் உயிர் ஒரு எண்ணில் இருக்கிறது, அதற்கும் இதே வினை பொருந்த வேண்டும். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ (மெதுவாகப் போவதற்கான நிலை), அச்சின் கிரௌன் பினியன் பற்சக்கரங்கள், இந்த மூன்று விகிதங்களையும் பெருக்கினால் வருவது. 1.3 லிட்டர் சாமுராயில் 3.652 × 2.268 × 3.727, கிட்டத்தட்ட 31. அதாவது எஞ்சின் 31 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நாங்கள் போடப்போவது 33 அங்குல டயர், ஒரு சுற்றுக்கு 2.63 மீட்டர் போகும். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வையுங்கள், வண்டி, நிமிடத்துக்கு 68 மீட்டர், மணிக்கு 4 கி.மீ. கேட்க மெதுவாகத்தான் இருக்கிறது, பாறையில் அது வேகம். என் நண்பர் இதே விகிதத்தில் ஒரு மேட்டில் ஏறும்போது பார்த்தேன். கல்லில் முன்சக்கரம் பட்டதும் எஞ்சின் திணறியது, அணையாமல் இருக்கக் கிளட்சைப் பாதி மிதித்துப் பிடித்தார், இரண்டே நிமிடத்தில் தீய்ந்த வாடை, அப்புறம் புகை. அன்று வண்டியைக் கயிறு கட்டித்தான் கீழே கொண்டுவந்தோம். டிரான்ஸ்ஃபர் கேஸில் 2.268க்குப் பதிலாக 4.9 விகிதமுள்ள பற்சக்கரங்களை மாற்றினால் மொத்தம் 66 தாண்டுகிறது, அதே ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 32 மீட்டர்தான். கீழே நின்று வழிகாட்டுகிறவர் வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, கல்லைக் காட்டி, சக்கரத்தைத் திருப்பச் சொல்ல நேரம் கிடைக்கும். சாமுராயில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிப் பெட்டி என்பதால் கியர்பாக்ஸைத் தொடாமலே இதைச் செய்துவிடலாம்.

இந்த எண்ணுக்கு ஊர்வு விகிதம் என்று வைக்கிறேன். சோர் சோர்வு, தேர் தேர்வு, நகர் நகர்வு என்பதுபோல ஊர் ஊர்வு. என் முதல் மடலில் நானே எழுதிய ‘பாறையூரி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பாறையூர் என்ற ஊர்க்காரர் என்று படிக்க இடமிருக்கிறது. ‘பாறையூர் வண்டி’யும் அப்படித்தான், பேருந்தின் நெற்றியில் எழுதியதுபோல் இருக்கும். ‘பாறை ஊர்தி’ என்றால் கல் ஏற்றிப்போகும் வண்டி என்று நினைப்பார்கள். ஊர்வு என்று வந்துவிட்டால் கிராமம் என்ற பொருள் தானாகவே விலகிவிடுகிறது. ஆகவே பாறை ஊர்வு, பாறை ஊர்வு வண்டி, ஊர்வு விகிதம். மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன.

இன்னொரு சொல்லும் இதோடு. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற டயர், சக்கரம், அச்சு இவற்றின் எடையைத் ‘தொங்கலற்ற நிறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்தால் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சமையல் குறிப்பில் ‘அடி கனமான பாத்திரம்’ என்போமே, அப்படி அடிக்கனம் என்று சொன்னால் என்ன? வேகமாக ஓடும் வண்டிக்கு அடிக்கனம் கெடுதல், குதித்துக்கொண்டே இருக்கும். ஊர்வு வண்டிக்கு அது நல்லது, கவிழாமல் பிடித்துக்கொள்ளும், முன் டயரில் தண்ணீர் நிரப்புகிறவர்கள்கூட உண்டு. நாங்கள் எடை குறைக்கிறோம் என்றால் மேலேதான் குறைக்கிறோம். உதாரணமாக வண்டியைச் சுற்றிவரும் குழாய்க் கூட்டுக்கு 3 மி.மீ. கனத்தில் 1.75 அங்குலக் குழாய் போட்டால் மீட்டருக்கு 3.07 கிலோ, அதே கனத்தில் 1.5 அங்குலம் போட்டால் 2.6 கிலோ. எங்களுக்கு 40 மீட்டர் வேண்டும், அதிலேயே 19 கிலோ வரை குறைகிறது. 1.3 லிட்டர் எஞ்சினுக்கு அது பெரிய விஷயம். வண்டியே இலேசாக இருப்பதால் இந்தக் குழாய் போதும் என்று துணிகிறேன், ஓட்டுநர் தலைக்கு மேலே வரும் வளைவுக்கு மட்டும் 1.75தான்.

லாக்கருக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு வங்கியில் நகை வைக்கிற பெட்டிதான் நினைவுக்கு வரும். இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிச் சுற்றவைப்பது என்ற பொருள் வரவேண்டும், யோசனை இருந்தால் எழுதுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரின் குமிழுக்குப் பித்தளைத் தகடு வெட்டக் கொடுக்கிறேன், லோ இருக்கும் இடத்தில் ‘ஊர்வு’ என்று பொறிக்கப்போகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். எழுத்து உயரம் 6 மி.மீ., ‘ர்’ மேலுள்ள புள்ளி அந்த அளவில் தெளிவாக விழுமா என்று எழுத்துரு தெரிந்த யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது, புள்ளி போனால் ‘ஊரவு’ ஆகிவிடும்.